கச்சான் காற்றிலும் பூக்கும் யன்னற் செடிகள்

மட்டக்களப்புப் பகுதியில் யன்னலின் கீழ்ப் பெட்டியிலும் விறாந்தைக் குந்தின்மேற் சாடியிலும் பூச்செடி வளர்ப்போர் பலர். மார்கழி, தை மாதங்களில் இச்செடிகள் செழித்து நிற்கின்றன. ஆனி மாதம் முடியுமுன் அவற்றுட் பெரும்பாலானவை ஓரங்கருகி, இலையுதிர்த்து, வெறுந்தண்டாகி விடுகின்றன. வெயில் கடுமையாயிற்று என்று கூறி வீட்டார் அடுத்த மழைக்குப் புதுச் செடி வாங்குகின்றனர். அச்செடியும் அடுத்த ஆனியில் அவ்வாறே அழிகின்றது.

இதற்கு வெயிலை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது. அதே வெயிலிலேதான் களுதாவளைத் தோட்டங்களில் மிளகாயும் கத்தரியும் காய்க்கின்றன. யன்னற் செடியைக் கொல்வன கச்சான் காற்றும், வேரோடுவதற்கு இடம் போதாமையும், நீரிலுள்ள உப்புமாம். வெயில் இம்மூன்றுக்கும் துணை நிற்கின்றது. புளியந்தீவு வாவிநீர் சூழ்ந்த தீவாதலின் இவை யாவும் அங்கே ஒருங்கு கூடுகின்றன. ஆகவே புளியந்தீவின் யன்னலிற் பிழைக்கும் செடி எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எந்த வீட்டிலும் பிழைக்கும் எனலாம்.

நெல்லும் மரக்கறியும் செய்கைபண்ணும் கமக்காரருக்கு யன்னற் பூ எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இங்கே கூறப்படும் பூச்செடிகளுட் சில கத்தரித் தோட்டத்துக்கும் நெல் வரம்புக்கும் உதவுவன. கோடையிலே நீர்ப்பாசனமில்லாத வரம்புகளும் மேட்டுக் காணிகளும் காய்ந்து கிடக்கும்போது, அச்செடிகளையும் அவற்றின் விதையையும் பெரும்போகம் வரை காத்து வைக்கத்தக்க இடம் வீட்டு யன்னலேயாம். எவ்வாறு உதவும் என்பதைப் பின்னர்க் கூறுவோம். முதலிற் செடி பிழைக்க வேண்டும்.

கச்சான் செய்யும் வேலை

வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவக் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகின்றது. மலைநாட்டின் மேற்குச் சரிவிலே அவ்வீரம் மழையாகக் கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. இறங்க இறங்க அது சூடும் ஏறுகின்றது. இவ்வாறு வந்து, படுவான்கரை வயல்வெளிகளையும் வாவியையும் கடந்து, புளியந்தீவின் மேற்கு யன்னல்களில் மோதுவதே கச்சான். மட்டக்களப்பில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றராகும். அதன் மிகப் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் பெப்ரவரி வரையிலே பெய்து முடிந்துவிடும். எனவே கச்சான் வீசும் மாதங்களிற் செடிக்கு மழையின் உதவி பெரிதும் இல்லை.

இலையின் மேற்பரப்பை ஒட்டி ஈரமுள்ள காற்று ஒரு மெல்லிய படையாக நிற்கும். இலையிலிருந்து நீர் ஆவியாகும் வேகத்தை அது தணிக்கின்றது. கச்சான் அப்படையை இடைவிடாது துடைத்தெடுக்கின்றது. இலை இழக்கும் நீருக்கு ஈடாக வேரினால் நீர் அனுப்ப முடியாதபோது இலை தொங்குகின்றது. பின்னர் ஓரம் கருகுகின்றது. நிலத்திலுள்ள செடி வேரை ஆழத்தில் இறக்கி நீரைத் தேடும். பெட்டியிலுள்ள செடிக்கோ எட்டு அங்குல மண்ணுக்கு அப்பாற் போக்கிடம் இல்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு இலை தொங்குவதைக் கண்டவுடன் வாளியைத் தூக்குவது பலரது வழக்கம். அவ்வாறு செய்யுமுன் விரலை மண்ணில் இரண்டு அங்குலம் ஆழத்துக்கு விட்டுப் பார்த்தல் வேண்டும். மண்ணில் ஈரமிருந்தும் இலை தொங்குமாயின் அச்செடிக்குத் தேவை நீரன்று, காற்று மறைப்பாகும். மாலையில் அது தானாகவே நிமிரும். அந்நிலையில் மேலும் மேலும் நீர் ஊற்றினால் வேர் அழுகும். வேர் அழுகிய செடியின் இலையும் வாடியே தோன்றும். அதைக் கண்டு வீட்டார் இன்னும் நீர் ஊற்றுவர். கோடையில் இறக்கும் யன்னற் செடிகளுட் பல வறட்சியால் அன்றி இவ்வாறு நீரினாலேயே இறக்கின்றன. புதிதாக நடப்பட்ட மிளகாய் நாற்றிலும் இதே குழப்பம் நேருவதைத் தோட்டக்காரர் அறிவர்.

இன்னொன்றும் உண்டு. காற்றின் வேகம் இருமடங்கானால் அது செடியைத் தள்ளும் விசை நான்கு மடங்காகின்றது. உயர்ந்து ஒற்றைத்தண்டாய் நிற்கும் செடி காற்றிலே முன்னும் பின்னும் ஆட, மண்ணுக்குள் நுண்வேர்கள் அறுகின்றன. ஆதலால் ஓர் அடிக்கு மேல் உயராத, பக்கக்கிளை மிகுந்த செடியே யன்னலுக்கு உகந்தது. இளமையில் இருமுறை நுனி கிள்ளிவிடுதல் நன்று.

யன்னல் எத்திசையை நோக்குகின்றது?

செடியைத் தெரிவதற்கு முன்னர் யன்னலைப் பார்த்தல் வேண்டும். மேற்கு யன்னலே மிகக் கொடியது. பிற்பகல் வெயிலும் கச்சானும் அங்கே சேர்ந்து தாக்குகின்றன. கிழக்கு யன்னலுக்குக் காலை வெயிலே கிடைக்கும். நண்பகலுக்குப் பின் வீட்டின் நிழல் விழும். ஆயினும் கல்லடிப் பக்கத்திலிருந்து வரும் கடற்காற்று உப்புத்துகளைக் கொண்டுவந்து இலைமேற் படியச் செய்யும். ஐப்பசிக்குப் பின்னர் வாடைக் காற்றோடு மழையும் அடிக்கும்.

வடக்கு யன்னலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. வடக்கு யன்னல் எப்போதும் நிழலானது என்று ஐரோப்பியத் தோட்ட நூல்கள் கூறும். அந்நாடுகளுக்கு அது சரி. மட்டக்களப்பு பூமத்தியகோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. இங்கே ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகற் சூரியன் எமக்கு வடக்கேதான் நிற்கின்றது. அதாவது கச்சான் வீசும் மாதங்களில் வெயில் காய்வது வடக்கு யன்னல். தெற்கு யன்னல் அப்போது நிழலில் இருக்கும். மாரி காலத்தில் இது தலைகீழாகும். நிழல் விரும்பும் செடியைக் கோடைக்கென்று வடக்கே மாற்றி வைப்பவர் அதனை வெயிலிலேயே வைக்கின்றார்.

வீட்டுக் கூரையின் தாழ்வாரத்தையும் நோக்குதல் வேண்டும். தாழ்வாரம் அகலமாயின் உச்சி வெயில் செடிமேற் படாது. அது நன்மையே. ஆனால் மழையும் படாது. ஊரெல்லாம் வெள்ளம் நிற்கும் கார்த்திகையிலே தாழ்வாரத்தின் கீழுள்ள பெட்டி காய்ந்து கிடப்பதுண்டு. இதனை வீட்டார் கவனிப்பதில்லை.

எவ்வகைச் செடி தாங்கும்?

கல்லடிக் கடற்கரையில் யாரும் நீர் ஊற்றாமல் வளரும் செடிகளைச் சற்று உற்றுப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். அடம்பங்கொடி தரையோடு படர்ந்து, தடித்த இலையோடு, கணுவுக்குக் கணு வேர் விட்டு நிற்கின்றது. இராவணன்மீசை ஒடுங்கி விறைத்த இலையோடு மணலைப் பற்றிக் கிடக்கின்றது. தாழ்ந்த வளர்ச்சியும், தடித்த அல்லது சிறுத்த இலையும், இலைமேல் மினுமினுப்பான மெழுகுப்பூச்சும் உள்ளனவே காற்றையும் உப்பையும் பொறுப்பன. அகன்று மெல்லிய இலையும் நீர்ச்சத்து மிகுந்த இளந்தண்டும் உள்ள செடி, கடையில் எவ்வளவு அழகாக நின்றாலும், கச்சானுக்கு ஆகாது.

இவ்வியல்புகள் மிகுந்து, பூவும் நிறையத் தருவதில் முதலிடம் பத்துமணிப்பூவுக்கே. தென் அமெரிக்காவிலுள்ள வெயில் மிகுந்த வெளிகள் இதன் தாயகம். பருப்புக்கீரைக்கு நெருங்கிய இனம். ஊசிபோன்ற தடித்த இலைகளில் நீரைச் சேமித்து வைக்கின்றது. ஏனைய செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும்போது நீரையும் இழக்கின்றன. இச்செடியோ வறட்சி மிகுமாயின் இரவிலே துளைகளைத் திறந்து அவ்வேலையின் ஒரு பகுதியை முடித்துக்கொள்ள வல்லது. தரையோடு படர்வதால் காற்றுக்கும் அஞ்சாது. ஒரு குறை யாதெனில், இதன் பூ காலை வெயிலில் மலர்ந்து பிற்பகலிற் குவிந்துவிடும். மேற்கு யன்னலிற் செடி பிழைக்கும். ஆனால் வெயில் அங்கே வந்து சேருமுன் பூவின் வேளை பெரும்பாலும் கழிந்துவிடும். ஆதலின் கிழக்கு யன்னலுக்கும், கோடையில் வடக்கு யன்னலுக்கும் இதனை வைத்தல் சிறந்தது.

மேற்கு யன்னலுக்குப் பட்டிப்பூவே துணை. நித்தியகல்யாணி என்றும் இதனைக் கூறுவர். மடகஸ்கார் தீவிலிருந்து வந்து இன்று எமது கரையோர மணலிலும் இடுகாடுகளிலும் தானாகவே முளைத்துப் பூக்கின்றது. இடுகாட்டுப் பூ என்று சிலர் வீட்டில் வைக்க விரும்புவதில்லை. அது அவரவர் மனத்தைப் பொறுத்தது. குருதிப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் வின்கிறிஸ்ரின் என்னும் மருந்து இச்செடியிலிருந்தே முதன்முதலிற் பிரித்தெடுக்கப்பட்டது. மினுமினுப்பான இலையுடைய இச்செடி வெயிலுக்கும் காற்றுக்கும் ஓரளவு உப்புக்கும் ஈடுகொடுத்து, நாள்தோறும் பூக்கும். இதற்கு எதிரி நீர் தேங்குதல் ஒன்றே. மாரியிற் கழுத்தழுகல் நோய் பிடித்து ஒரே நாளிற் சாய்ந்துவிடும். ஐந்து அல்லது ஆறு அங்குல உயரத்திலே கவைவிடும் குட்டை இனங்கள் இப்போது கிடைக்கின்றன; அவை பெட்டிக்கு ஏற்றவை. எனினும் வெள்ளை, ஊதா நிறமான பழைய நாட்டுச் செடி உறுதியில் அவற்றுக்கு இளைத்ததன்று. நுனி கிள்ளி வளர்த்தால் அதுவே போதும்.

வாடாமல்லிகை மூன்றாவது. நாம் பூ என்று கொள்ளும் ஊதா நிறமான உருண்டை காகிதம் போன்ற உலர்ந்த செதில்களாலானது. காற்று அதனை வாட்டுவதற்கு அதிலே நீர் பெரிதும் இல்லை. பறித்த பின்னும் நிறம் மங்காது நிற்பதால் மாலைக்கும் கோயிலுக்கும் பயன்படும். நாட்டு இனம் இரண்டு அடி உயரும். ஆதலால் பெட்டியின் பின்வரிசையில், ஒன்றையொன்று தாங்குமாறு ஆறு அங்குல இடைவெளியில் நெருக்கி நடுதல் வேண்டும்.

முள்ளும் பாலும் உள்ள யூபோர்பியா ஆண்டு முழுவதும் சிவந்து பூப்பது. இதுவும் மடகஸ்காருக்குரியது. கடுங்கச்சானில் இலையை உதிர்த்துவிட்டுப் பூவோடு மட்டும் நிற்கும். அதைக் கண்டு செடி இறந்ததென்று பிடுங்குதல் ஆகாது. தாய்லாந்திலிருந்து வரும் பெரிய பூ இனங்களை விடச் சிறு பூக்கொண்ட பழைய இனமே யன்னலுக்கு நல்லது. வீதியோர யன்னலாயின் முள் வழிப்போக்கரைக் கீறாதவாறு உயர வைத்தல் வேண்டும்.

செவ்வந்தியின் குட்டை இனம், ஒடுங்கிய இலையுள்ள சீனியா ஆகியவை மெக்சிக்கோ நாட்டுக்குரியன. கிழக்கு யன்னலில் நன்றாக வரும். மேற்கிலே வைத்தால் வெப்பமும் வறட்சியும் கூடிய நாட்களிற் செவ்வந்தியிற் சிற்றுண்ணி பெருகும். இலை மங்கி வெளிறி, கீழ்ப்புறத்தில் நூல்வலை தோன்றுவது இதற்கு அடையாளம். விடியற்காலையில் இலையின் கீழ்ப்புறத்தை நல்ல நீராற் கழுவிவிட வேண்டும். பக்கத்தில் மிளகாய் நாற்று வைத்திருப்போர் இதில் இருமடங்கு கவனமாயிருக்க வேண்டும்.

போகன்விலா காற்றையும் வறட்சியையும் தாங்கும். சற்றுக் காயவிட்டாலே நன்றாகப் பூக்கும். ஆனால் அதன் வேருக்குப் பெட்டி போதாது. வாயிலருகே பெருஞ்சாடியில் வைக்கலாம். செவ்வரத்தைக்கும் மல்லிகைக்கும் இதுவே பொருந்தும். வெட்சி உவர்நீரிலும் சிப்பி கலந்த மண்ணிலும் மஞ்சளித்துவிடும். காட்டு உண்ணிச்செடி எத்துணை அழகாகப் பூத்தாலும் யன்னலில் வைத்தல் ஆகாது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று மேய்ச்சல் நிலங்களிலும் காடுகளிலும் பரப்புகின்றன. இலங்கையிற் பல இடங்களில் அது ஆக்கிரமிப்புக் களையாகிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். பட்டிப்பூ, யூபோர்பியா, அடினியம், அரளி ஆகியவை நஞ்சுள்ளவை. அடினியத்தின் பாலை ஆபிரிக்க வேடர் அம்புநுனியிற் பூசினர். ஆடு எட்டாத, குழந்தை கைக்கு எட்டாத உயரத்திலேயே இவற்றை வைத்தல் வேண்டும். கழித்த கிளைகளை ஆட்டுப்பட்டிக்கு அருகிற் போடலாகாது.

மலைநாட்டுச் செடிகள்

வாகனங்களிற் கொண்டுவந்து விற்கப்படும் பெற்றூனியா, பேன்சி, பிகோனியா, ஜெரேனியம், பியூசியா முதலியன கண்ணைக் கவர்வன. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. ஆயிரம் மீற்றர் ஏற வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். ஆகவே அங்கு வளர்ந்த கன்றைப் புளியந்தீவுக்குக் கொண்டுவருதல் பன்னிரண்டு பாகை சூடான இடத்தில் வைப்பதாகும். பகல் வெப்பத்தை நிழல் கொடுத்துத் தணிக்கலாம். இரவு வெப்பத்துக்கு வழியில்லை. குளிர்ந்த இரவில் இளைப்பாறிப் பழகிய செடி இங்கே ஆனி, ஆடி இரவுகளில் ஓய்வின்றி இளைக்கின்றது. பெற்றூனியாவை மார்கழியில் வாங்கி மாசி வரை கண்டு மகிழலாம். அதற்கு மேல் எதிர்பார்த்துப் பணம் செலவிடுதல் வீண்.

எக்கன்றை வாங்கினாலும் பூவைப் பார்த்து வாங்காமல் அடித்தண்டைப் பார்த்து வாங்க வேண்டும். நிழல்வலைக்குக் கீழ் நெட்டையாக வளர்ந்து பூத்து நிற்கும் கன்றிலும், குட்டையாய்த் தடித்துப் பூவின்றி நிற்கும் கன்று மேலானது. வாங்கிய கன்றைப் பத்து நாட்களுக்குக் காலை வெயிலில் வைத்துப் பழக்கிய பின்னரே யன்னலில் வைத்தல் வேண்டும். நடுவதற்குரிய காலம் மாசியும் பங்குனியுமாம். வைகாசிக்குள் வேர் பிடித்துவிடும். ஆனியில் நடப்படும் செடிக்குக் கச்சானோடு போராட வேரில்லை.

பெட்டியும் மண்ணும்

மூன்று அடி நீளமும் எட்டு அங்குல அகலமும் எட்டு அங்குல ஆழமும் உள்ள பெட்டி தகுதியானது. இதிலும் ஆழம் குறைந்த பெட்டி கச்சானில் ஒரே பகலிற் காய்ந்துவிடும். தகரப் பேணியும் கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியும் மேற்கு வெயிலிற் சூடேறி வேரை வேகவைக்கும். அவற்றைத்தான் வைத்திருப்போமாயின் வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்பு பூசுதல், அல்லது பெரிய பெட்டிக்குள் அவற்றை இறக்கி இடைவெளியிற் பொச்சை அடைத்தல் நன்று. அடியிலே ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக அரை அங்குலத் துளைகள் இருத்தல் வேண்டும்.

இத்தகைய பெட்டி ஈரமண்ணோடு ஐம்பது கிலோகிராமுக்குக் குறையாது. ஒரு சீமெந்துப் பையின் பாரம் எனலாம். மாடி யன்னலுக்கு வெளியே இரும்புக் கைகளில் அதனை வைப்பது வீதியிற் செல்வோருக்கு ஆபத்து. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்து உள்ளிருந்தே அரிபடும். மாடியில் உள்விறாந்தைக் குந்தே போதும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கார்த்திகை, மார்கழியிற் சூறாவளி எச்சரிக்கை வந்தவுடன் பெட்டிகளையும் சாடிகளையும் தரையில் இறக்கிச் சுவரோரம் வைத்துவிட வேண்டும்.

வயல் மண்ணை மட்டும் நிரப்புதல் தவறு. களித்தன்மையுள்ள அம்மண் காய்ந்தவுடன் சுருங்கிப் பெட்டியின் பக்கத்தை விட்டு விலகும். ஊற்றும் நீர் வேரைத் தொடாமல் அவ்விடைவெளியால் இறங்கி ஓடும். இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு தும்புத்தூள், ஒரு பங்கு மக்கிய கூட்டெரு என்பது நல்ல கலவை. கமக்காரர் வீட்டில் உமிக்கரி இருக்குமாயின் மணலின் ஒரு பாதிக்கு அதனைச் சேர்க்கலாம், பாரமும் குறையும். தும்புத்தூளில் உப்பு இருப்பதால் நல்ல நீரில் மூன்று முறை ஊறவைத்து வடித்த பின்னரே கலக்க வேண்டும். கடல் மணல் கூடவே கூடாது. மேலே வைக்கோலைப் பரப்பினாற் காற்று கொண்டுபோய்விடும்; உடைந்த ஓட்டுத்துண்டுகளைப் பரப்புதல் நன்று.

நெல்லுக்கு வாங்கிய யூரியாவில் ஒரு கையளவு பூப்பெட்டிக்கும் போடுவது எமது கமக்காரரின் கைப்பழக்கம். அதனால் இலை மென்மையாகத் தழைத்துக் கச்சானுக்கு இரையாகும், பூவும் குறையும். பத்துமணிப்பூவும் பட்டிப்பூவும் சத்துக் குறைந்த மண்ணிலேதான் நிறையப் பூக்கும்.

நீரும் உப்பும் நுளம்பும்

புளியந்தீவின் கிணறுகளில் மழையால் ஊறிய நல்ல நீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கோடையில் அந்நல்ல நீர்ப்படை மெலிய, கிணறு உவர்க்கின்றது. நாவில் உவர்ப்புத் தெரியும் நீரைச் செடிக்கு ஊற்றினால் நீர் ஆவியாகி உப்பு மண்ணிலே தங்கும். சாடியின் விளிம்பில் வெண்மையாகப் படிவது அதுவே. உன்னிச்சைக் குளத்து நீர் குழாய்வழி கிடைக்கும் வீடுகளில் இக்கவலை குறைவு. அரிசி கழுவிய நீரும் மரக்கறி கழுவிய நீரும் செடிக்கு நல்லன. சவர்க்கார நீர் ஆகாது. மீன் கழுவிய நீரை ஊற்றினாற் பூனை வந்து செடியைத் தோண்டும்.

கச்சான் காலத்தில் மேற்கூறிய அளவுள்ள பெட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று லீற்றர் நீர் வேண்டும். காலை எட்டு மணிக்கு முன், இலையிற் படாமல் மண்ணில் ஊற்றுதல் வேண்டும். சிறிது சிறிதாகப் பலமுறை தெளிப்பதால் மேல்மண் மட்டும் நனைந்து, வேர் மேலே வந்து, வெயிலிற் கருகும். வாரத்தில் ஒருநாள் கிடைக்கும் நீருள் நல்லதை அடித்துளைகளால் நன்றாக வடியும் வரை ஊற்றினால் தங்கிய உப்புக் கழுவப்படும். கார்த்திகை மழையிற் பெட்டிகளைத் தாழ்வாரத்துக்கு வெளியே இரண்டு நாள் வைத்தெடுத்தால் ஆண்டு முழுவதும் சேர்ந்த உப்பு பெரிதும் நீங்கும். பட்டிப்பூவை மட்டும் ஒரு நாளோடு உள்ளே எடுத்துவிட வேண்டும்.

சாடியின் கீழ் வைக்கும் தட்டு டெங்கு நுளம்பின் தொட்டிலாகும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பு வரை வளர ஏறத்தாழ ஒரு வாரமே செல்லும். அதன் முட்டைகள் உலர்ந்த தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீர் பட்டவுடன் பொரிப்பன. ஆகவே நீரைக் கொட்டுவது மாத்திரம் போதாது. வாரந்தோறும் தட்டைப் பொச்சாற் தேய்த்துக் கழுவ வேண்டும். தட்டே வைக்காதிருத்தல் அதனினும் நன்று. வீட்டில் ஒருவர் காய்ச்சலிற் கிடக்கப் பூவால் என்ன பயன்?

காற்று மறைப்பு

காற்றை முற்றாக மறிக்கும் தகரமோ பலகையோ நல்ல மறைப்பன்று. அதன்மேல் ஏறி மறுபுறம் விழும் காற்று சுழன்று செடியை முறிக்கும். ஏறத்தாழப் பாதி வெளியும் பாதி மறைவுமாக உள்ள தட்டியே காற்றின் வேகத்தை அமர்த்துகின்றது. வாவியோரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கும் பழைய மீன்வலையை நல்ல நீரில் அலசி, கண்கள் சிறுக்குமாறு நான்கு மடிப்பாக மடித்து, யன்னலின் மேற்குப் புறத்திற் கம்புகளிற் கட்டினாற் போதும், செலவில்லை. இது மரக்கறித் தோட்டத்துக்கும் பொருந்தும். நாற்றுமேடையின் மேற்கே கிடுகை நெருக்கி வேய்வதை விட இடைவெளி விட்டுக் கட்டுவது மேல். இத்தகைய வேலி தன் உயரத்தைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு தூரத்துக்குப் பயிரைக் காக்கும். ஆறு அடி வேலிக்குப் பின்னால் அறுபது அடி எனக் கொள்ளலாம்.

யன்னலிலிருந்து வயலுக்கு

நெல்லிற் கபில நிறத் தத்தியின் முட்டைகளுக்குள் தம் முட்டையையிட்டு அவற்றை அழிக்கும் நுண்குளவிகள் உண்டு. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத இக்குளவிகளுக்கு உணவு பூந்தேன். வரம்பைச் சுத்தமாகச் செருக்கிவிட்டால் அவை பட்டினி கிடக்கும். சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளில் நெல் வரம்புகளிலே தேனுள்ள பூச்செடிகளை வளர்த்து நான்கு ஆண்டுகள் ஆராய்ந்தனர். முடிவு 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பூச்சிநாசினி தெளிக்கும் தடவைகள் 70 சதவீதம் குறைந்தன; விளைச்சல் 5 சதவீதம் கூடியது; கமக்காரரின் ஆதாயம் 7.5 சதவீதம் உயர்ந்தது. எமது நாட்டிலும் 2008ஆம் ஆண்டிற் காணப்பட்டுப் பரவிய பப்பாசி வெண்மூட்டுப்பூச்சியை அடக்கியது, மறு ஆண்டிற் கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சிறு குளவியினமே. பூச்சிநாசினியின் விலையை அறிந்த கமக்காரருக்கு இதன் பொருள் விளங்கும்.

வரம்புக்கென்று விதை எடுக்கும்போது ஒற்றையடுக்குப் பூவையே தெரிதல் வேண்டும். இதழ் அடுக்கடுக்காய்த் திரண்ட செவ்வந்தியிலும் சீனியாவிலும் குளவி தேனை அணுக முடியாது. கலப்பின விதையால் வந்த செடியின் விதை தாயைப் போல முளைக்காது. நாட்டு இனமே இதற்கு உகந்தது. எள்ளும் நல்ல தேன்செடியே; ஆயின் மாரி வெள்ளத்தைத் தாங்காது; சிறுபோக வரம்புக்கே அது பொருந்தும்.

கத்தரி, தக்காளி வேரில் முடிச்சு விழுத்தும் வட்டப்புழுவுக்குச் செவ்வந்தி மாற்று என்று கேள்விப்பட்டுத் தோட்டத்து ஓரத்தில் நாலு செடி நடுவோர் உளர். அதனாற் பயன் இல்லை. செவ்வந்தியின் வேரிலுள்ள பொருள் வேருக்கு அண்மையிலேயே வேலை செய்யும். முடிச்சு விழுந்த பாத்தி முழுவதிலும் குட்டைச் செவ்வந்தியை ஏழு அங்குல இடைவெளியில் நெருக்கி நட்டு, இரண்டு மாதத்துக்குக் குறையாமல் வைத்திருந்து, மடக்கி உழுத பின்னர்க் கத்தரியை நடுதல் வேண்டும். களுதாவளை போன்ற மணற்பாங்கான இடங்களில் இப்புழு மிகுதியாதலின் ஒரு பாத்தியிலாவது செய்து பார்த்தல் தகும். ஒரு பாத்திக்கு வேண்டிய விதையை ஒரு யன்னற் பெட்டியிலேயே எடுத்துவிடலாம்.

வாடாமல்லிகை, செவ்வந்தி, சீனியா ஆகியவற்றின் பூ செடியிலேயே காய்ந்து கபில நிறமாகும் வரை விட்டு, ஆவணியிற் பறித்து, நிழலில் ஐந்து நாள் உலர்த்த வேண்டும். உலர்ந்த போத்தலின் அடியில் இரண்டு விரல் அளவு உமிக்கரியை இட்டு, விதையைக் காகிதத்திற் சுற்றி மேலே வைத்து, இறுக மூடி, இனத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டுதல் வேண்டும். புரட்டாதி இறுதியில் முதல் மழைக்கு, நெல் விதைக்கும் நாளிலேயே, வரம்பின் மேற்புறத்தில் மெல்லக் கீறித் தூவலாம். பத்துமணிப்பூவுக்கு விதை தேட வேண்டியதில்லை. மூன்று அங்குலத் தண்டை ஒடித்து நட்டு, நான்கு நாள் நிழலில் வைத்தால் வேர்விடும்.